வாக்குச் சாவடிக் கணக்கு

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

எனக்கு முன்னர் இம்மேடையில் பேசிய அன்பர்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கினார்கள். யானோ பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்டுப் புகைவண்டி இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றே. அதிலும் கூட்டல், கழித்தல், வகுத்தல், நூற்று வீதம் என்ற அளவோடு என் புலமை நின்றுவிடும். ஆயினும் அந்த நான்கை மட்டும் கைக்கொண்டு ஒரு குடிமகன் தன் ஊர்த் தேர்தல் முடிவைச் சரிபார்க்க இயலுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார்கள். சங்க மேடையில் அரசியல் நுழைந்துவிடுமோ என்பது அவர்கள் கவலை. எந்தக் கட்சியின் பெயரும் என் வாயில் வராது என்று உறுதி கூறியே இங்கு வந்திருக்கிறேன்.

நம் காலனியில் குடியிருப்போரில் பலருக்கு வெதுருகுப்பம் பக்கத்தில் கொள்வினை கொடுப்பினை உண்டு. சிலருக்கு வாக்கே அங்குதான் இருக்கிறது. ஊர்ப் பெயரே நம் வாழ்வைச் சொல்லும். வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் நமக்கு நன்கு பழகிய சொல். இரு மொழியும் கலந்த இவ்வட்டாரத்தில், ஊர்வாரியாகத் தலையெண்ணிய கணக்குக்கு எத்தகைய வலிமை உண்டு என்பதை நம் முன்னோர் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்ததே, அது எதன் அடிப்படையில்? படாஸ்கர் அவர்கள் கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டு, 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவ்வவ் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று பார்த்துத்தான் எல்லையை வகுத்தார். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மொத்தம் போட்டிருந்தால் அந்த வழக்கு வேறு விதமாக முடிந்திருக்கும். மொத்தத்தில் மறைந்து கிடப்பது ஊர்க் கணக்கில் வெளிப்படும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வெதுருகுப்பம் மண்டலம் சித்தூர் மாவட்டத்தில், கங்காதர நெல்லூர்ச் சட்டமன்றத் தனித்தொகுதியில் அடங்கியது. தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் நாம் காண்பது தொகுதியின் மொத்தம் மட்டுமே: இன்னார் இத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பதோடு சரி. ஆனால் தேர்தல் அதிகாரி கையொப்பமிடும் முடிவுத்தாள் ஒன்று உண்டு. அதற்குப் படிவம் 20 என்று பெயர். அதில் ஒவ்வொரு வாக்குச் சாவடிக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கு, எவருக்கும் இல்லை என்று அழுத்தியவர் தொகை, மொத்தம் ஆகியவை வரிசையாக நிற்கும். தாளின் அடியில் தபால் வாக்குகள் தனியே வரும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இந்தத் தாளை எவரும் எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டா, விண்ணப்பமும் வேண்டா.

ஒரு குறை மட்டும் உண்டு. அச்சாவடியில் வாக்குரிமை உள்ளோர் எத்தனை பேர் என்பது பெரும்பாலும் அத்தாளில் இராது. அதனை வாக்காளர் பட்டியலின் இறுதிப் பக்கத்தில் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று பிரித்துப் போட்டிருக்கும் தொகையிலிருந்து எடுத்துச் சேர்க்கவேண்டும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால்தான் நூற்றுக்கு எத்தனை பேர் வாக்களித்தனர் என்பது புலப்படும்.

நம் இலாகாவில் பயணச்சீட்டு விற்கும் குமாஸ்தா நாள் முடிவில் என்ன செய்கிறார்? அட்டைச் சீட்டுக் காலத்தில், காலையில் தொடங்கிய எண்ணையும் மாலையில் நின்ற எண்ணையும் கழித்துப் பார்த்து, விற்ற சீட்டின் தொகையையும் பெட்டியிலுள்ள பணத்தையும் ஒப்பிடுவார். இரண்டும் பொருந்தினால்தான் வீட்டுக்குப் போகலாம். வாக்குச் சாவடியிலும் இதே முறைதான். மத்திய சர்க்கார் ஊழியன் என்ற முறையில் நுண் பார்வையாளனாக ஒரு சாவடியில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பேறு எனக்கும் கிட்டியது. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில், குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு இயந்திரத்தைச் சோதிக்கிறார்கள். பிறகு அச்சோதனை வாக்குகளை அழித்துவிட்டு முத்திரையிட்டுத் தொடங்குகிறார்கள். மாலையில் தலைமை அலுவலர் முடிப்புப் பொத்தானை அழுத்தி, இயந்திரம் காட்டும் மொத்தத்தை வாக்காளர் கையொப்பப் பதிவேட்டின் கடைசி எண்ணோடு ஒப்பிடுகிறார். அந்த ஒப்பீட்டை எழுதும் தாளே படிவம் 17சி. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, அங்குள்ள ஏஜெண்டுகள் ஒவ்வொருவருக்கும் அதன் நகல் ஒன்று தரப்படவேண்டும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களின் அறிவைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை. கணக்கை எண்ணுமிடத்துக்குக் கொண்டு செல்லும் முன்னரே, பிறக்கும் இடத்திலேயே அதற்குச் சாட்சி வைத்துவிட்டார்கள்!

நிற்க. கங்காதர நெல்லூரை ஒட்டிக் கிடப்பது சந்திரகிரிச் சட்டமன்றத் தொகுதி. இரண்டும் சித்தூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குவன. 2019 ஏப்ரல் 11-ஆம் நாள் அங்கு வாக்குப்பதிவு நடந்தது. அன்று மாலை நாம் எல்லோரும் அதை மறந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கச் சென்றோம். ஆனால் புலிவர்த்திவாரிபல்லி, என்.ஆர். கம்மபல்லி, கம்மபல்லி, கொத்தகண்டிகை, வெங்கடராமபுரம் ஆகிய சாவடிகளைக் குறித்துப் புகார் எழுந்தது. அங்குள்ள தலித் மக்கள் தாங்களாக வாக்களிக்க விடப்படவில்லை, அவர்கள் வாக்கைப் பிறர் போட்டுவிட்டனர், இது நெடுநாளாக நடந்துவருகிறது என்பது புகாரின் சாரம். தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவு நாளின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தது. மே 15-ஆம் நாள், அதாவது 34 நாள் கழித்து, அந்த 5 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த ஆணை பிறந்தது. பின்னர் மேலும் இரண்டு சாவடிகள் சேர்ந்தன. மே 19-இல் 7 சாவடிகளிலும் மீண்டும் வாக்குப்பதிவு நடைபெற்றது. மே 23-இல் எண்ணிக்கை.

இவ்வளவு காலம் கழித்து ஏன் என்று ஒரு சாராரும், இவ்வளவு காலமாக ஏன் இல்லை என்று மறு சாராரும் வினவினர். அந்த வழக்குக்குள் நான் புகவில்லை. என் மனத்தை வாட்டியது வேறொன்று. இத்தகைய சாவடியின் கணக்கு தாளில் எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். வாக்களிக்க விடாமல் தடுத்தால் வாக்கு குறையும் என்றுதானே நினைப்போம்? தடுத்தவர் தாமே அவர்கள் வாக்கையும் போட்டுவிட்டால் குறைவது ஏது? இயந்திரத்தின் மொத்தமும் பதிவேட்டின் மொத்தமும் அணுவளவும் பிசகாமல் பொருந்தும். வாக்கு வீதமோ மிகச் சிறப்பாக இருக்கும். மக்களின் ஜனநாயக ஆர்வம் என்று செய்தித்தாளில் பாராட்டு வந்தாலும் வியப்பில்லை. கூட்டல் கணக்கில் குற்றமே காண இயலாத அந்தத் தாளுக்குள், வரிசையில் நிற்கவும் விடப்படாத ஒரு தாய் மறைந்து கிடக்கிறாள்.

எனவே மொத்தம் பொருந்துகிறதா என்ற ஒரே கேள்வியோடு நின்றால் போதாது. அண்டைச் சாவடியோடு ஒப்பிடவேண்டும். ஒரே சாலை, ஒரே சந்தை, ஒரே பள்ளிக்கூடம்; இருந்தும் இந்தச் சாவடியில் மட்டும் நூற்றுக்கு 97 பேர் வாக்களித்து, அதிலும் 95 வாக்கு ஒருவருக்கே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினவத்தக்கது. ஐந்தாண்டுக்கு முந்திய தாளையும் எடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். எவருக்கும் இல்லை என்ற பொத்தானை அக்கம்பக்கத்துச் சாவடிகளில் பத்துப் பேர் அழுத்தியிருக்க, இங்கே ஒருவர்கூட அழுத்தவில்லையா? இதுவும் ஒரு குறிப்பு. வாக்கு வீதமும் வென்றவரின் பங்கும் சேர்ந்தே உச்சிக்குப் போகும் சாவடிகளைத் தனியே பிரித்துக் காணும் முறையை, வியன்னாவில் பணிபுரிந்த கிளிமெக் என்ற அறிஞரும் அவர்தம் துணைவரும் 2012-இல் வெளியிட்டனர். ரஷ்யா, உகாண்டா நாடுகளின் கணக்கில் அந்த அடையாளத்தை அவர்கள் கண்டனர்.

ரஷ்ய நாட்டுச் செய்தி இன்னும் சுவையானது. செர்கேய் ஷ்பில்கின் என்பவர் பௌதிகம் பயின்றவர். எந்தக் கட்சிப் பதவியிலும் இருந்தவர் அல்லர். அரசாங்கமே வெளியிட்ட சாவடிவாரிக் கணக்கை எடுத்து, எத்தனை சாவடிகளில் எத்தனை வீதம் வாக்குப்பதிவு என்று கோடு வரைந்தார். மலைபோல் ஏறி இறங்கவேண்டிய கோடு, 70, 75, 80, 85, 90 என்ற எண்களில் மட்டும் ஊசி ஊசியாகக் குத்திட்டு நின்றது! மக்கள் ஒருவரையொருவர் கலந்துகொண்டு, சரியாக 80 வீதம் வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்களா? மேலிடத்திலிருந்து இத்தனை வீதம் காட்டுக என்று சொன்னால், கீழே உள்ளவர் அதற்கேற்பத் தொகையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுவார். அப்போதுதான் இவ்வாறு நேரும். சிறிய சாவடிகளில் பாதி, முக்கால் போன்ற வீதங்கள் இயல்பாகவே மிகுதியாக வரும் என்ற மறுப்பு எழுந்தது. அதனையும் கணக்கில் கழித்துவிட்டு, கோபாக், பிஷெனிச்னிகோவ் என்ற இருவரோடு சேர்ந்து 2016-இல் அவர் ஆய்வுரை வெளியிட்டார். ஊசிகள் அப்போதும் மறையவில்லை. மேலதிக வேலை நேரத்தைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு இது புரியாத வித்தை அன்று. எல்லோருடைய நேரமும் முழு மணியிலேயே முடிந்தால் அவர் புருவம் உயரும் அல்லவா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பென்போர்டு விதி என்றொன்றைப் பலர் மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். இயற்கையாகத் திரளும் பல எண் தொகுதிகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது நூற்றுக்கு முப்பதாகவும், 9 ஆக இருப்பது ஐந்துக்கும் குறைவாகவும் வரும் என்பது அவ்விதி. 1881-இல் நியூகோம்பும் 1938-இல் பென்போர்டும் கண்டது. ஆனால் எண்கள் பத்து, நூறு, ஆயிரம், பதினாயிரம் என்று பரந்து கிடந்தால்தான் அது பொருந்தும். சாவடி என்பதோ ஏறக்குறைய ஒரே அளவாக வெட்டிய துண்டு. ஆயிரம் பேர் உள்ள சாவடியில் ஒருவர் பாதி வாக்குப் பெற்றால் 4, 5, 6 என்ற இலக்கங்களே முன்னே நிற்கும். அதில் சூது எங்கே? 2020-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து எண்களை வைத்து இப்படித்தான் பெருங்கூச்சல் எழுப்பினார்கள். கருவி பொருந்தாத இடத்தில் அதனை வைத்துவிட்டு, முடிவைக் குறை கூறினார்கள். இந்த விதி தேர்தலுக்கு நம்பத்தக்கதன்று என்று 2011-லேயே அறிஞர் எழுதியிருந்தும் கேட்பார் இல்லை.

நம் நாட்டுக் கணக்கிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். இதில்தான் நான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 2024 மே 13-ஆம் நாள் ஆந்திரப் பிரதேசம் முழுவதும் வாக்களித்தது. மாலை 5 மணிக்கு வந்த அறிவிப்பில் வாக்கு வீதம் ஏறத்தாழ 68. இறுதிக் கணக்கில் இயந்திர வாக்கு மட்டும் 80.66, தபால் வாக்கும் சேர்ந்து 81.86. இடையில் பன்னிரண்டரை வீதத்துக்கு மேல் எங்கிருந்து வந்தது என்று சிலர் வினவினர். ஆணையமோ, மாலைக் கணக்கு தொலைபேசியில் வாய்மொழியாய்த் திரட்டும் உத்தேசக் கணக்கு, பின்தங்கியே வரும். ஆறு மணிக்கு வரிசையில் நின்றோர் எல்லோரும் வாக்களிக்க உரிமை பெற்றவர். ஆகவே ஏற்றம் இயல்பு என்றது.

நாம் வகுத்துப் பார்ப்போம். வாக்காளர் ஏறத்தாழ 4 கோடியே 14 லட்சம். அதில் 12.66 வீதம் என்றால் 52 லட்சம் சொச்சம். சாவடிகள் 46,389. வகுத்தால் சாவடிக்கு 113 பேர். ஒரு நிமிஷத்துக்கு ஒருவர் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவுதானா, இதற்கா கூச்சல் என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது ஏமாற்றுக்காரன். ஐந்திலிருந்து ஆறு மணி வரை எல்லாச் சாவடியிலும் இடைவிடாமல் வாக்குப்பதிவு நடந்தது என்று தாராளமாகவே கொள்வோம். அறுபது அறுபதாக அதில் சுமார் 28 லட்சம் தீர்ந்துவிடும். எஞ்சுவது 24 லட்சத்துக்கு மேல். இவர்கள் ஆறு மணிக்குப் பின் வாக்களித்தவர்கள். நாலில் ஒரு சாவடியில் வரிசை நின்றிருந்தால் இரவு ஒன்பதரை மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். பத்தில் ஒரு சாவடியில் மட்டுமே நின்றிருந்தால் பின்னிரவு மூன்று மணி ஆகும். முதலாவது எளிதில் நடக்கக்கூடியது. இரண்டாவதற்கு விளக்கம் தேவை. ஆக, ஐயம் தீருவது ஒரே ஒரு தகவலைப் பொறுத்தது: எத்தனை சாவடிகளில், எத்தனை பேர் ஆறு மணிக்கு வரிசையில் நின்றனர்?

வியப்பு என்னவென்றால், அந்தத் தகவல் எழுதி வைக்கப்படுகிறது. ஆறு மணி அடித்ததும் தலைமை அலுவலர் வரிசையின் கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி எண்ணிட்ட துண்டுச் சீட்டுக் கொடுத்து வருவார். எத்தனை சீட்டுக் கொடுத்தார் என்பதையும், இரண்டிரண்டு மணிக்கு எத்தனை வாக்குப் பதிவாயிற்று என்பதையும் தம் நாட்குறிப்பில் எழுதவேண்டும் என்பது முறை. 46,389 நாட்குறிப்புகளையும் வெளியிட்டுவிட்டால், கூச்சலிடுவோர் வாயடைத்துப் போவார்கள். அல்லது அவர்கள் சொல்லில் உண்மை உண்டெனில் அது நிலைபெறும். இரண்டில் எது நேர்ந்தாலும் நமக்கு நன்மையே.

இந்த ஏற்றத்துக்கு நம் இலாகா அறிந்த காரணம் ஒன்றும் உண்டு. அந்த மே மாதம் ஐதராபாத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாக்களிக்கவென்றே ஊர் திரும்பிய கூட்டம் பொங்கலுக்கு வரும் கூட்டத்தைப் போன்றது. பொதுப்பெட்டியில் கால் வைக்க இடமில்லை. அவ்வாறு வந்தவர்களால் ஒரு சிற்றூரில் வாக்கு வீதம் திடீரென்று ஏறியிருந்தால், அதைத் திருட்டு என்று எழுதுவது, நெடுந்தூரம் நின்றுகொண்டே பயணம் செய்து வந்தவனை அவமதிப்பதாகும். முழு ஊரும் ஒரே குலமாக, ஒரே முடிவாக வாக்களிக்கும் மலையோரக் குடியிருப்புகளும் உண்டு. ஆகவே எண் விநோதமாக இருக்கிறது என்பதற்கும் குற்றம் நடந்தது என்பதற்கும் இடையே, அவ்வூருக்கு நேரில் போய் வரும் வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் பேசுவோரை நான் மதிப்பதில்லை.

மற்றொரு முரணையும் சொல்கிறேன். பதிவான வாக்குக்கும் எண்ணிய வாக்குக்கும் உள்ள வேறுபாடு அது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 362 தொகுதிகளில், பதிவானதைவிட 5,54,598 வாக்குகள் குறைவாகவும், 176 தொகுதிகளில் 35,093 வாக்குகள் அதிகமாகவும் எண்ணப்பட்டுள்ளன என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் அவ்வாண்டு ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் முன்னே சொன்ன சோதனை வாக்குகளை நினைவுகூருங்கள். அதை அழிக்க மறந்துவிட்டால் மொத்தம் ஏறக்குறைய ஐம்பது கூடிவிடும். அத்தகைய இயந்திரத்தையும், 17சி தாளோடு ஒத்துவராத இயந்திரத்தையும் எண்ணாமல் ஒதுக்கிவைத்து, வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் மட்டும் அதன் காகிதச் சீட்டுகளை எண்ணுவது 2024-இல் விதியாக இருந்தது. ஒரு சாவடி ஒதுங்கினால் அறுநூறு, எழுநூறு வாக்குக் குறையத்தானே செய்யும்? இது நியாயமான காரணம். எந்தெந்தச் சாவடியின் இயந்திரம் என்ன காரணத்தால் ஒதுக்கப்பட்டது என்று தொகுதிதோறும் ஒரு சிறு பட்டியல் போட்டுவிட்டால் பாதி முரண் அன்றே மறைந்துவிடும். நம் இலாகாவில் கணக்கு ஒத்துவராவிட்டால், வேறுபாடு இன்ன காரணத்தால் என்று விவரத்தாள் எழுதி இணைக்காமல் விடுவோமா?

முடிவுத்தாளில் அறவே தென்படாத தீமையும் உண்டு. 2021 ஏப்ரல் 17-இல் திருப்பதி நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. வெளியூரார் பேருந்துகளில் வந்து வாக்களித்தனர் என்று அன்றே புகார் எழுந்தது. வாக்காளர் பதிவு அதிகாரியின் கணினி நுழைவுச் சொல்லைக் கொண்டு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடையாள அட்டைகள் இறக்கப்பட்டன என்ற விவகாரத்தில், 2024 ஜனவரியில்தான் ஆணையம் ஓர் உயர் அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்ய உத்தரவிட்டது. அதற்குள் இரண்டே முக்கால் ஆண்டு ஓடிவிட்டது. இத்தகைய வேலையைப் படிவம் 20 காட்டிக்கொடுக்காது. வாக்காளர் பட்டியலையும் கணினிப் பதிவையும் பார்த்தால்தான் தெரியும்.

சாவடிவாரிக் கணக்கை வெளியிடுவதே நல்லதா என்று கேட்போரும் உளர். அவர்கள் கேள்வியை நான் எளிதில் தள்ளமாட்டேன். ஒரு சாவடி என்பது பல இடங்களில் ஒரே தெரு, அல்லது ஊருக்கு ஒதுக்குப்புறமான சேரி. அந்த வரியைப் பார்த்தால் இத்தெருவார் நமக்கு வாக்களிக்கவில்லை என்று வென்றவர் அறிந்துகொள்வார். தண்ணீர்க் குழாயும் சாலையும் அதற்கேற்பக் கிடைக்கும் அல்லது கிடைக்காமற் போகும். காகித வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிப் பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் விதி இருந்தது. இயந்திரம் வந்த பின் அந்தக் காப்பு போய்விட்டது. பல இயந்திரங்களின் தொகையை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2008-இல் கேட்டது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது நிறைவேறவில்லை. கலந்து எண்ணினால் தெருவுக்குப் பாதுகாப்பு. பிரித்து எண்ணினால் கணக்குக்குப் பாதுகாப்பு. எனக்குக் கேட்டால் இன்றைய நிலையில் பிரித்தே எண்ணுக என்பேன். வாக்குச் சாவடிக்குள் நுழையவே விடப்படாதவனுக்கு, அவன் வாக்கின் இரகசியத்தைக் காப்பாற்றித் தருவதால் என்ன பயன்?

ஆனால் கதவுகள் திறப்பதைவிடச் சாத்துவதே மிகுதியாகக் காண்கிறோம். 17சி தாள்களை இணையதளத்தில் வெளியிட ஆணையிடுமாறு தொடுத்த மனுவில், தேர்தல் நடுவே இடைக்கால உத்தரவு பிறப்பிக்க 2024 மே 24-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே ஆணையம் தொகுதிவாரியாக வாக்களித்தோரின் முழு எண்ணிக்கையை வெளியிட்டது, சாவடிவாரியாக அன்று. 2024 டிசம்பரில் 93-ஆம் விதியைத் திருத்தி, விதிகளில் குறிப்பிட்ட தாள்களை மட்டுமே பொதுமக்கள் பார்வையிடலாம் என்றாக்கினர். ஒளிப்பதிவுகள் அதற்கு வெளியே நின்றன. தேர்தல் வழக்குத் தொடரப்படாவிட்டால் முடிவு அறிவித்த 45 நாளில் ஒளிப்பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதத்தில் அறிவுறுத்தல் சென்றது. வாக்களித்த பெண்களின் அந்தரங்கம், பதிவுகளைத் திரித்துப் பரப்பும் தீயோர் ஆகியவற்றை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். காரணம் பொய்யன்று. எனினும் சந்திரகிரியில் ஏழு சாவடிகளின் உண்மையை வெளிக்கொணர்ந்தது எண்கள் அல்ல, ஒளிப்பதிவே என்பதையும் உடன் வைத்து நோக்கவேண்டும். எண் விரல் நீட்டும். ஒளிப்பதிவு சாட்சி சொல்லும். படிவம் 20-ஐப் படித்து ஐயுற்று ஒருவன் வந்து நிற்கும்போது, சாட்சி அழிந்துபோயிருந்தால் அவன் நீட்டிய விரலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இறுதியாக, வேலையைப் பற்றிச் சில சொற்கள். கங்காதர நெல்லூர்த் தொகுதியின் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களின் படிவம் 20-ஐ நம் படிப்பகத்தில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இவை பெரும்பாலும் தாளைப் படம் பிடித்த வடிவிலேயே இருப்பதால் கணினி அவற்றைத் தானே கூட்டாது. ஒவ்வோர் எண்ணையும் கையால் ஏற்றவேண்டும். சாவடிகள் தேர்தலுக்குத் தேர்தல் பிரிந்தும் எண் மாறியும் வருவதால், எண்ணைக் கொண்டு ஒப்பிடாமல் ஊர்ப் பெயரைக் கொண்டே ஒப்பிடவேண்டும். இல்லையெனில் ஒருவர் தலையை இன்னொருவர் உடலில் ஒட்டவைத்த கதையாகிவிடும். பட்டியல்கள் தெலுங்கில் இருப்பதால் தெலுங்கு எழுத்து நன்கறிந்த மாணவ மாணவியர் நால்வர் தேவை. வெதுருகுப்பம் மண்டலத்துச் சாவடிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். எந்தக் குடியிருப்பு எந்தச் சாவடியைச் சேர்ந்தது என்று சொல்ல அவ்வூரில் உறவுள்ள தாய்மார்களும் வந்தால் நலம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் இருப்பேன். வருவோர் ஓர் அளவுகோலும் சிவப்புப் பென்சிலும் கொண்டு வருக.